தலைவிதியா, மனவுறுதியா, தியானமா?

(ஒரு வாசகசாலைத் திறப்புக் கூட்டத்தில் பேசியது)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் "மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, இல்லையா?" என்பதாகும். இது பண்டிதர்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாய்ச் சண்டையிட்டும் முடிவு காணாத விஷயம். நாமும் சில புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு ஏதோ பேசலாம் என்றுதான் வந்தோம். ஆனால் கூட்டம் ஆரம்பமாவதற்கு முன் ஒரு தோழர் நமது கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதைப் படித்த பிறகு, பண்டிதர் சண்டையைப் பற்றிப் பேசுவதைவிட இந்தச் சீட்டுக்குப் பதில் சொல்லுவதே மேலான காரியம் என்று நமக்குத் தோன்றிற்று. எழுதியவர் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சங்கதியை மாத்திரம் சொல்லுகிறோம்.

அவருடைய தம்பி தறி நெய்கிறவர், கெட்டிக்கார வேலைக்காரர். ஆனால் சாயங்காலமானால் மதுக்கடைக்குப் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. மூன்று தடவை கோயிலில் சத்தியம் செய்தார். மூன்று தடவையும் அது ஒரு மாதங்கூடத் தாளவில்லை. "அவன் தலையில் எழுதினது அப்படி" என்று தாயார் அழுகிறார். "விதியுமில்லை, கிதியுமில்லை, அவனுக்கு மனவுறுதி கிடையாது, வேண்டுமென்றேதான் குடிக்கிறான்" என்று தாய்மாமன் ஏசுகிறார். இதற்கு மத்தியில் ஒரு சாமியார் வந்து, "மனத்தை அடக்க ஒரு மந்திரம் உபதேசிக்கிறேன், தட்சணை 5,000 ரூபாய்" என்கிறார். தம்பியின் மனைவி தன் காதுத் தோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். "இவர்களில் யார் சொல்லுவது நிஜம்? தோட்டை விற்கலாமா, கூடாதா?" என்பதுதான் கேள்வி.

தோழர்களே! இது சிரிக்கத் தக்க சங்கதியல்ல. தாயார் சொல்லுவது ஒரு தத்துவம். மாமன் சொல்லுவது ஒரு தத்துவம். சாமியார் சொல்லுவதும் ஒரு தத்துவந்தான். பண்டிதர்களின் சண்டை முழுவதும் இந்த ஒரு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஆகவே மூன்றையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக நீங்கள் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அனுபவத்தோடும் அறிவோடும் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தலைவிதி

எல்லாம் முன்னமேயே தீர்மானமாகிவிட்டது, மனித முயற்சியால் ஒன்றும் ஆகாது என்கிற கொள்கை புதியதல்ல. சுமார் 2,500 வருஷங்களுக்கு முன், புத்தர் காலத்திலேயே, மற்கலி கோசாலர் என்பவர் இதைப் போதித்தார். நூலுண்டையை உருட்டிவிட்டால் நூல் தீருமட்டும் அது ஓடித்தான் நிற்கும், அதுபோல உயிர்களும் தமக்கு ஏற்பட்ட ஓட்டத்தை ஓடித்தான் தீரவேண்டும் என்பது அவருடைய ஆசீவகக் கொள்கை. இது தமிழ்நாட்டிலும் பரவியிருந்ததென்பதற்கு மணிமேகலையும் நீலகேசியும் சாட்சி. திருக்குறளிலோ "ஊழ்" என்று ஓர் அதிகாரமும் இருக்கிறது, "ஆள்வினையுடைமை" என்று முயற்சியைப் பற்றி ஓர் அதிகாரமும் இருக்கிறது. அதாவது, இந்தச் சண்டை நமது நாட்டில் அன்றைக்கும் தீரவில்லை.

ஆனால் விதியை நம்புகிறவர்கள் உண்மையில் எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்று பார்ப்போமானால், எவரும் இராத்திரியில் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரிடந்தான் ஓடுகிறார்கள். ரோட்டைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் தாண்டுகிறார்கள். முதலாளியானவர் கூலிக்காரனுக்குக் கூலி குறைந்தால் "அவன் விதி" என்கிறார். தமக்கு வரவேண்டிய வட்டி குறைந்தாலோ கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். ஆகவே விதி என்பது பெரும்பாலும் பிறத்தியார் கஷ்டத்துக்குச் சொல்லும் சமாதானமாக இருக்கிறதே ஒழிய, தன் காரியத்துக்கு எவரும் அதை நம்பி இருப்பதில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தை நாம் நன்றாய்க் கவனிக்க வேண்டும். "ஒவ்வொரு காரியத்துக்கும் காரணம் உண்டு" என்பது வேறு. "நீ என்ன செய்தாலும் நடப்பது நடந்தே தீரும்" என்பது வேறு. முதலாவது விஞ்ஞானம், இரண்டாவதுதான் விதி. அம்மை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெய்வ கோபம், தலையெழுத்து என்று நமது பாட்டன்மார்கள் பயந்து கிடந்தார்கள். 1796-இல் இங்கிலாந்தில் ஜென்னர் என்னும் வைத்தியர் பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு அதைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1980-இல் பெரியம்மை உலகத்தில் எங்குமே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் விளம்பரப்படுத்திவிட்டது. தலையில் எழுதினவன் அந்த ஒரு வரியை மாத்திரம் 1980-இல் அழித்துவிட்டானா? இல்லை. காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், காரணத்தை மாற்றினார்கள், காரியமும் மாறிவிட்டது.

ஆகையால் தாயாருக்கு நமது பதில் இதுதான்: அம்மா, உங்கள் மகன் குடிப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அது தலையில் எழுதப்பட்டதல்ல. காரணம் என்று ஒன்று இருப்பதனாலேயே அதை மாற்றுவதற்கும் வழி இருக்கிறது.

மனவுறுதி

இனி மாமன் சொல்லுவதைப் பார்ப்போம். "வேண்டுமென்றே குடிக்கிறான்" என்று அவர் சொல்லுவதில், உடம்புக்குள்ளே "நான்" என்று ஓர் எஜமான் உட்கார்ந்து, வண்டிக்காரன் மாட்டை ஓட்டுவதுபோல் உடம்பை ஓட்டுகிறான் என்கிற எண்ணம் அடங்கியிருக்கிறது. அந்த எஜமான் எங்கே இருக்கிறான், எப்படிப்பட்டவன் என்பதைச் சற்று விசாரிப்போம்.

1846-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில், ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து, ஒருவர் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார்கள். அன்று முதல் கோடிக்கணக்கான பேரை மயக்க மருந்து கொடுத்து அறுத்திருக்கிறார்கள். உடம்புக்கு அந்நியமாய், தனியாய், அழிவில்லாததாய் ஓர் உணர்வு இருக்கிறதென்றால், ஒரு மூச்சு மருந்தில் அது எங்கே போய்விடுகிறது? 1848-இல் அதே தேசத்தில் ரயில் பாதை வேலையில் மேஸ்திரியாயிருந்த கேஜ் என்பவரின் கன்னத்தில் மூன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள இரும்புக் கம்பி பாய்ந்து, மூளையின் முன்பாகத்தைச் சிதைத்துக்கொண்டு உச்சந்தலை வழியாய் வெளியேறிற்று. மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு நிதானமும் திறமையும் உள்ளவரென்று பேர் வாங்கியவர், பின்பு ஒரு முடிவிலும் நிலைக்காதவராகவும், வாய்க்கு வந்தபடி பேசுகிறவராகவும் ஆகிவிட்டார் என்று வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். அவருடைய மனவுறுதி எங்கே இருந்தது? மூளையில் இருந்தது. பிற்காலத்தில் அவர் சிலி தேசத்தில் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டிப் பிழைத்தார். நாள் தவறாத அந்த ஒழுங்கான வேலையே அவரைப் பெரிதும் திருத்தியிருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்று. கடுமையான காக்காய்வலிப்பை நிறுத்துவதற்காகச் சிலருக்கு மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுத்துவிட்டார்கள். இவர்களை ஆராய்ந்த ஸ்பெர்ரி என்பவருக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணாக்கர் காசனிகா முதலியோர் செய்த ஒரு சோதனையைக் கேளுங்கள். நோயாளியின் பேசத் தெரிந்த இடது பாதி மூளைக்குக் கோழிக்காலின் படத்தையும், பேசத் தெரியாத வலது பாதிக்குப் பனி மூடிய வீட்டின் படத்தையும் காட்டினார்கள். பிறகு, பொருத்தமான படத்தைக் கையால் காட்டு என்றார்கள். ஒரு கை கோழியைக் காட்டிற்று. மற்றொரு கை பனி அள்ளும் வாரியைக் காட்டிற்று. "வாரியை ஏன் காட்டினாய்?" என்று கேட்டால், பனியைப் பாராத இடது பாதி "தெரியவில்லை" என்று சொல்லவில்லை. "கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய வாரி வேண்டுமல்லவா" என்று உடனே ஒரு காரணத்தைக் கட்டிச் சொல்லிற்று! அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். நாமும் பல காரியங்களைச் செய்துவிட்டுப் பின்னால் காரணம் கற்பிக்கிறோம். "உடம்பு வலி, அதனால் குடித்தேன்" என்று தம்பி சொல்லுவதும், "நான் பொடி போடுவதை ஒரே நாளில் விட்டேன், என் மனவுறுதி அப்படி" என்று மாமன் சொல்லுவதும் இந்தக் கோழிக்கூண்டுக் கணக்கில் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

1983-இல் சான்பிரான்சிஸ்கோவில் லிபெட் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி, "உங்களுக்கு இஷ்டமானபோது மணிக்கட்டை அசையுங்கள், அசைக்க வேண்டுமென்று எண்ணிய வேளையை எதிரிலுள்ள கடிகாரத்தில் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கை அசைவதற்கு ஏறக்குறைய அரை வினாடிக்கு முன்பே மூளையில் ஆயத்தம் ஆரம்பமாகிவிட்டது. "அசைக்க வேண்டும்" என்கிற எண்ணம் ஆளுக்குத் தெரிந்ததோ சுமார் கால் வினாடிக்குள் முன்னால்தான். இதைக்கொண்டு சிலர், மனிதன் வெறும் பொம்மை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அது அவசரத் தீர்ப்பு. அந்த ஆயத்தம் என்பது மூளையில் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் சலனமாகவே இருக்கலாம் என்று 2012-இல் ஷர்கர் முதலியோர் காட்டியிருக்கிறார்கள். அன்றியும், சும்மா மணிக்கட்டை அசைப்பது ஒன்று. வேலைநிறுத்தம் செய்யலாமா, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று பல நாள் யோசித்துத் தீர்மானிப்பது வேறொன்று. எண்ணம் எழுந்த பிறகும் கையைத் தடுத்து நிறுத்த ஒரு சிறு அவகாசம் உண்டு என்று லிபெட்டே சொன்னார். நமது தறிக்காரத் தோழருக்கு உபயோகமானது இந்த அவகாசந்தான். ஆசை எழுவது அவர் கையில் இல்லாதிருக்கலாம். எழுந்த ஆசைக்கும் எடுத்து வைக்கும் காலுக்கும் மத்தியில் உள்ள இடைவெளியை அகலமாக்க முடியுமா என்பதே கேள்வி.

முடியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி சொல்லுகிறோம். வியட்நாம் யுத்தத்துக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் அநேகர் அங்கே ஹெராயின் என்னும் கொடிய லாகிரி வஸ்துவுக்கு அடிமையானார்கள். 1971-இல் திரும்பி வந்தவர்களை லீ ராபின்ஸ் என்னும் அம்மையார் ஆராய்ந்தார். அங்கே அடிமையாயிருந்தவர்களில், ஊருக்குத் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் 100-க்குச் சுமார் 5 பேர்தான். மற்றவர்களுக்குத் திடீரென்று மனவுறுதி முளைத்துவிட்டதா? ஆள் அதே ஆள்தான். யுத்தமும், பயமும், கைக்கெட்டிய தூரத்தில் மலிவாய்க் கிடைத்த வஸ்துவும், அதைச் சேர்ந்து உபயோகித்த சகபாடிகளும் பின்தங்கிவிட்டார்கள். தெரு மாறிற்று; ஆளும் மாறினார்.

உடனே சிலர் கேட்பார்கள்: "அப்படியானால் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவனையும் காரணம் சொல்லி மன்னிக்க வேண்டியதுதானா?" கூடவே கூடாது. காரணம் சொல்லுவது மன்னிப்பதாகாது. வீடு பற்றியெரிவதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் அணைக்காமல் இருப்பார்களா? அடிக்கிற கையைத் தடுத்தே ஆகவேண்டும். அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்புத்தான் முதல் காரியம். கண்டிப்பும் பாராட்டும் சட்டமுங்கூட மனிதன் மூளையில் வேலை செய்கிற காரணங்களே. ஆனால் திருத்துவதற்காகக் கண்டிப்பது வேறு. "நீ உருப்படமாட்டாய்" என்று ஏசி நமது கோபத்தைத் தீர்த்துக்கொள்ளுவது வேறு. மூன்று சத்தியமும் முறிந்த பிறகு நாலாவது சத்தியத்தைக் கேட்கிற மாமன், எந்தக் காரணத்தை மாற்றினார் என்பதே நமது கேள்வி.

தியானம்

இனி 5,000 ரூபாய்க்கு வருவோம். மனத்தை அமைதிப்படுத்துவது என்பதில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. இருக்கிறதை இருக்கிறதென்றும், இல்லாததை இல்லாததென்றும் சொல்லுவதே பகுத்தறிவு.

1970-ஐ ஒட்டிய வருஷங்களில், மகேஷ் யோகியின் முறைப்படி தியானம் செய்பவர்களை அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை வைத்தியர் பென்சன் முதலியோர் கருவிகளைக் கொண்டு சோதித்தார்கள். தியானத்தின்போது மூச்சும் இதயத் துடிப்பும் நிதானமடைந்தன. உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவும் குறைந்தது. அந்த முறையில் ஆளுக்கொரு மந்திரத்தை ரகசியமாய்க் கொடுத்துக் கட்டணம் வாங்குவது வழக்கம். பென்சன் என்ன கண்டாரென்றால், அந்த மந்திரந்தான் வேண்டுமென்பதில்லை. அமைதியாய் உட்கார்ந்து எந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப நினைத்தாலும் அதே பலன் உண்டாகிறது என்பதுதான். 1975-இல் வெளியிட்ட புத்தகத்தில் அவர் சிபாரிசு செய்த சொல் "ஒன்று" என்பதாகும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவோமே, அந்த "ஒன்று". அதற்கு என்ன தட்சணை?

இன்னும் சில யோகிகள் இதயத்தையே நிறுத்துவோம் என்றார்கள். வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர் இந்தியாவில் அப்படிப்பட்டவர்களைச் சோதித்து 1961-இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சைப் பிடித்து மார்புத் தசைகளை இறுக்கியதால் நாடி கைக்குத் தட்டுப்படாமற் போயிற்று; ஆனால் மின்கருவியில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது. பழக்கத்தால் உடம்பை ஓரளவு வசப்படுத்தலாம் என்பது நிஜம். அதற்கு மேல் சொல்லுவதெல்லாம் வியாபாரம்.

பலன்தான் எவ்வளவு என்று கேட்டால், 2014-இல் அமெரிக்க வைத்தியர்கள் 47 பரிசோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 3,515 பேரையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். கவலை, சோர்வு, வலி ஆகியவற்றுக்குத் தியானம் ஓரளவு உதவுகிறது. ஆனால் தேகப்பயிற்சி, மருந்து முதலிய மற்றச் சிகிச்சைகளைவிட மேலானது என்பதற்கு அத்தாட்சி இல்லை என்று கண்டார்கள். குடி முதலிய பழக்கங்களை நிறுத்தும் என்பதற்கும் அவ்வாராய்ச்சியில் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அன்றியும், சிலருக்கு நீடித்த தியானத்தால் பயமும் கலக்கமும் அதிகமாவதுண்டு. ஆகவே மனோவியாதி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதில் இறங்கக்கூடாது.

அப்படியானால் தம்பிக்கு அதனால் உபயோகமே இல்லையா? ஓர் உபயோகம் உண்டு. மார்லட் என்னும் மனோதத்துவ ஆசிரியர் குடிப்பழக்கக்காரர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். குடிக்க வேண்டுமென்ற ஆசை எழும்போது அதோடு சண்டையிடாமலும், அதற்குக் கீழ்ப்படியாமலும், அலைமேல் மிதந்து செல்லுகிறவன்போல் அதைப் பார்த்துக்கொண்டிரு. அலை ஏறும், உச்சிக்கு வரும், பிறகு இறங்கும் என்றார். மூச்சைக் கவனித்து உட்காரப் பழகினவனுக்கு அப்படிப் பார்த்திருப்பது சற்றுச் சுலபமாகும். முன் சொன்ன இடைவெளியை அகலமாக்குவது என்பது இதுதான். இது மற்றச் சிகிச்சையோடு சேர்ந்த ஒரு துணை. இதற்கு ஆத்மாவும் வேண்டாம், குருவும் வேண்டாம், தோட்டை விற்கவும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மனத்தை அமைதிப்படுத்து என்கிற உபதேசம் யாருக்கு, எப்போது சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். கூலி குறைந்துபோய் வாய்விட்டுக் கேட்க வருகிறவனிடம் "கண்ணை மூடி உட்கார்" என்றால், அது அவன் மனத்தை அடக்குவதற்கல்ல, அவன் வாயை அடைப்பதற்கே ஆகும். ஒழுகுகிற கூரைக்கு ஓலைதான் வேண்டும். வீண் கவலையை அடக்குவது நல்லது. நியாயமான கோபத்தை அடக்கிக்கொண்டால் பிறத்தியாருக்குத்தான் லாபம்.

முடிவு

சீட்டு எழுதிய தோழருக்கு நமது பதிலைச் சுருக்கிச் சொல்லுகிறோம். தோட்டைத் திரும்பக் காதில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தம்பியை முதலில் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நாள்பட்ட குடிகாரர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாவதுண்டு. ஆகையால் வைத்தியர் பார்வையில் நிறுத்துவதே தக்கது. ஆசையைக் குறைக்க மருந்துகளும் இருக்கின்றன. வாரக் கூலியை அவர் சம்மதத்தோடு மனைவி வாங்கிக்கொள்ளட்டும். மதுக்கடை இல்லாத வழியாய் வீட்டுக்கு வரட்டும். தினம் கால்மணி நேரம் மூச்சைக் கவனித்து உட்காரட்டும். ஒரு தடவை தவறிவிட்டால் "எல்லாம் போயிற்று" என்று கைவிடாமல், எந்த வேளையில், எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது தவறிற்று என்று கணக்குப் பார்த்து, அந்தக் காரணத்தை மாற்றுங்கள்.

கடைசியாக, இந்த ஊராருக்கு ஒரு வார்த்தை. தறியை விட்டு எழுந்த மனிதன் சாயங்காலம் எங்கே போவான்? இந்த ஊரில் விளக்கு எரிகிற, நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடம் இதுவரையில் மதுக்கடை ஒன்றுதான் இருந்தது. இன்று இரண்டாவதாய் இந்த வாசகசாலையைத் திறந்திருக்கிறோம். இதை ஆறு மணிக்கே பூட்டிவிட்டுப் போவீர்களானால், இன்று நாம் பேசினதெல்லாம் வீண். இராத்திரி ஒன்பது மணி வரையில் விளக்கு எரியட்டும். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டட்டும். அந்தத் தம்பி வந்தால் "ஏன் வந்தாய்" என்று கேட்காமல் ஒரு பெஞ்சியைக் காட்டுங்கள். அவருடைய சுயேச்சை அவருக்குள்ளே மாத்திரம் இல்லை. நாம் திறந்து வைக்கிற கதவிலும் கொஞ்சம் இருக்கிறது.